எஸ்.ஆர். நம்பர் விழும் வரை

இ-ஃபைலிங் வந்த பிறகு வழக்கறிஞர்கள் படும் பாட்டைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், கோர்ட் என்பது காலங்காலமாக ஒரே மாதிரி நடந்துவந்த இடம் போலவும், கணினிதான் முதன்முதலாக வந்து அதைக் கலைத்துப் போட்டது போலவும் ஒரு சித்திரம் உருவாகிவிடுகிறது. ஹைதராபாத்தில் மூசி ஆற்றின் தென்கரையில் நயாபுல் அருகே நிற்கும் உயர் நீதிமன்றத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 1915-இல் தொடங்கி 1919-இல் முடித்து, 1920 ஏப்ரலில் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் திறந்துவைத்த கல் மாளிகை அது. ஜெய்ப்பூர் சங்கர்லாலின் வரைபடத்தை வைத்து உள்ளூர்ப் பொறியாளர் மெஹர் அலி ஃபாஸில் எழுப்பியது. கட்டடம் அப்படியே நிற்கிறது. அதன் கவுண்டரில் கொடுக்கப்பட்ட காகிதமோ நூறு வருடத்தில் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியிருக்கிறது. அந்த மாற்றங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, ஹைதராபாத் வக்கீல்கள் புதிதாக எதையும் கற்கத் தயங்கியவர்கள் அல்லர் என்பது தெரிகிறது. கொடுத்தது போய்ச் சேர்ந்ததா, பிழை இருந்தால் யாரிடம் போய்த் திருத்துவது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்த இடத்தில் அவர்கள் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். பதில் கிடைக்காத இடத்தில், எவ்வளவு எளிய ஏற்பாடாக இருந்தாலும் நம்ப மறுத்தார்கள். இ-ஃபைலிங்கில் இன்று தெரியும் சங்கடத்தையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்து நிஜாம் ஆட்சி முடிந்ததற்கும், 1956 நவம்பரில் ஆந்திரப் பிரதேசம் பிறந்ததற்கும் இடைப்பட்ட எட்டு வருடங்களை எடுத்துக்கொள்வோம். அதுவரை ஹைதராபாத் உயர் நீதிமன்றத்தின் மொழி உருது. 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவு, உயர் நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலம் என்றது. அடுத்து சட்டமே மாறியது. நிஜாம் அரசு தனக்கென்று வைத்திருந்த சட்டங்களின் இடத்துக்கு 1951 ஏப்ரல் 1 முதல் இந்தியச் சட்டங்கள் வந்தன. கட்டணம் கட்டும் பணமும் மாறியது. ஏழு ஹாலி ரூபாய்க்கு ஆறு இந்திய ரூபாய் என்ற கணக்கில் இரண்டும் சில காலம் சேர்ந்து புழங்கின. 1953-இல் இந்திய ரூபாய் மட்டுமே அரசு நாணயமாக நின்றது. 1959-இல் ஹாலி அடியோடு செல்லாமல் போனது. மனுவில் போடும் தேதிகூடப் பழையபடி இல்லை. நம் ஊர்ப் பத்திரங்களில் பசலி என்றால் ஜூலையில் பிறக்கும் வருவாய் ஆண்டு. ஹைதராபாத் பசலி அக்டோபரில் பிறந்து, ஆஸர், பஹ்மன், தீர் என்று ஈரானிய மாதப் பெயர்களோடு ஓடியது. வருவாய்க் கணக்கோடு நில்லாமல் அரசின் அன்றாட அலுவல்களும் அந்தக் காலண்டரில்தான் நடந்தன. மொழி, சட்டம், நாணயம், காலண்டர் என்று நான்கும் ஒரே வக்கீலின் தொழில்வாழ்க்கையில் பத்து வருடத்துக்குள் புரண்டுவிட்டன. இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு மனுவை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி ஏற்றுவது சின்ன வேலை.

அந்தப் புரட்டலை அவர்கள் தாண்டி வந்தார்கள். உருது, பாரசீகம், தெலுங்கு, ஆங்கிலம் எல்லாவற்றிலும் புலமையுள்ள வக்கீலான பூர்குல ராமகிருஷ்ண ராவ் 1952-இல் ஹைதராபாத் மாநிலத்தின் முதலமைச்சரானார். அவரிடம் ஜூனியராக இருந்தவர் பி.வி. நரசிம்ம ராவ்; அறுபது வயதைக் கடந்த பிறகு கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர் என்பது அவரைப் பற்றிய சுவையான உபரித் தகவல். இவர்கள் மேதைகள், மாவட்ட முன்சீப் கோர்ட்டில் காலம் தள்ளும் சாதாரண வக்கீலுக்கு இவர்களை உதாரணம் காட்டலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சாதாரண வக்கீலும் கரையேறினார். அதற்குக் காரணம் மேதைமை அல்ல. மனு எந்த மொழியில் இருந்தாலும் அதைக் கொடுக்கும் முறையின் எலும்புக்கூடு அப்படியே இருந்தது. ஜன்னலுக்கு இந்தப்புறம் குமாஸ்தா, அந்தப்புறம் அலுவலர், நடுவில் ஒரு பதிவேடும் ஒரு தேதி முத்திரையும். பழைய உருது ஆவணத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பு இணைத்தால் அதுவே சான்றாக ஏற்கப்பட்டது. வார்த்தைகள் மாறினாலும், கொடுத்ததற்கு அத்தாட்சி கிடைப்பதும் குறை இருந்தால் திருப்பித் தரப்படுவதும் மாறவில்லை.

அதற்கு முந்தைய மாற்றம் இவ்வளவு சுமுகமாக நடக்கவில்லை. முதலாம் சாலார் ஜங் 1853 முதல் 1883-இல் இறக்கும்வரை திவானாக இருந்து ஹைதராபாத் நிர்வாகத்தையே மாற்றி அமைத்தார். ஆனால் ஆட்சிமொழி என்ற அந்தஸ்தைப் பாரசீகத்திடமிருந்து பறிக்கவில்லை. அவர் போன அடுத்த ஆண்டே, 1884-இல், பாரசீகத்தின் இடத்தில் உருது வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல காரியம். பாரசீகம் அந்த ராஜ்யத்தில் அநேகமாக யாருக்கும் தாய்மொழி இல்லை; உருது நகரத்துத் தெருவில் பேசப்பட்டது. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பாரசீகக் கணக்கும் கடிதமும் எழுதிப் பிழைத்த காயஸ்தர் போன்ற குடும்பங்களின் கையிலிருந்த பிடி தளர்ந்து, வட இந்தியாவிலிருந்து வந்த உருதுப் படிப்பாளிகளின் கை ஓங்கியது. மோஸின்-உல்-முல்க், சையத் ஹுசைன் பில்கிராமி போன்ற வெளியூர் அதிகாரிகள் அரசாங்கத்தில் செல்வாக்கோடு இருந்த காலம் அது. உள்ளூர்க்காரரா வெளியூர்க்காரரா என்ற முல்கிச் சண்டை பிற்பாடு எழுபது, எண்பது வருடம் ஓயவில்லை. வழக்காடியின் நிலை என்ன ஆனது? ராஜ்யத்தின் மக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் தெலுங்கர், கால்வாசி மராத்தியர், அடுத்துக் கன்னடர். உருதுவைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர். நல்கொண்டா விவசாயிக்குத் தன் பெயரில் போன மனு நேற்றும் படிக்க முடியாத எழுத்து, இன்றும் படிக்க முடியாத எழுத்து. காசு வாங்கிக்கொண்டு அர்ஜி எழுதுபவர் சொன்னதே வேதவாக்கு.

இந்தக் கசப்பு எவ்வளவு ஆழமாக ஓடியது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1921 நவம்பரில் ஹைதராபாத்தில் டி.கே. கார்வே தலைமையில் சமூக சீர்திருத்த மாநாடு கூடியது. ஆலம்பள்ளி வெங்கட ராமா ராவ் என்ற வக்கீல் தெலுங்கில் பேச எழுந்தபோது கூச்சல் போட்டு உட்காரவைத்தார்கள். அந்த அவமானத்திலிருந்துதான் ஆந்திர ஜன சங்கம் பிறந்தது. ஆந்திர மகாசபையும் தெலங்கானா அரசியலின் பெரும்பகுதியும் அந்த விதையிலிருந்து முளைத்தவை. தெலுங்கு வக்கீல்களுக்கு உருது வராமலில்லை. உருதுவில் எழுதித்தானே தொழில் செய்தார்கள். 1918-இல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகம் சட்டத்தையும் உருதுவிலேயே கற்பித்தது. கற்றுக்கொள்ள முடிந்தவர்களுக்கே இவ்வளவு கோபம் இருந்தது என்றால், பிரச்சினை கற்பதில் இல்லை. தன் கட்சிக்காரர் தன் மனுவைத் தானே சரிபார்க்க முடியாமல் போவதில் இருந்தது.

ஏரிக்கு அந்தப்புறம் கதை வேறு. ஹுசேன் சாகருக்கு வடக்கே செகந்தராபாத் ராணுவக் குடியிருப்பு பிரிட்டிஷ் ரெசிடென்டின் அதிகாரத்தில் இருந்தது. மதராஸ் படையோடு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், காண்ட்ராக்ட் எடுத்த முதலியார்கள், துபாஷிகள், குமாஸ்தாக்கள் வாழ்ந்த பகுதி அது. அங்கே சட்டமும் கோர்ட்டும் ஆங்கிலேயர் வழி. இக்கரையிலும் அக்கரையிலும் சரக்கு விற்ற வியாபாரிக்கு இங்கே உருது மனு, அங்கே ஆங்கில மனு. இங்கே பசலி, அங்கே கிறிஸ்தவ ஆண்டு. அந்தப் பகுதிகள் நிஜாமிடம் திரும்பி வந்தது 1945-இல்தான். ஆக, இரட்டை முறையில் வாழ்வது இரட்டை நகரத்துக்குப் புதிதல்ல. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காகிதமும் கணினியும் சேர்ந்து ஓடும் இன்றைய இரட்டை ஏற்பாட்டைப் பற்றிப் பேசும்போது இது உதவும்.

எழுதும் கருவியின் கதையையும் விட்டுவிடக் கூடாது. உருதுவின் நஸ்தாலிக் எழுத்து வரியில் சரிந்து இறங்கி, ஒன்றோடு ஒன்று பின்னி ஓடும். அதை அச்சு எழுத்துக்குள் அடைக்க நிஜாம் அரசு எவ்வளவோ செலவு செய்தும் கையெழுத்தின் இடத்தை அது பிடிக்கவில்லை. கணினியில் நஸ்தாலிக் 1981-இல்தான் கைகூடியது. 1949-இல் தொடங்கிய ஹைதராபாத்தின் சியாசத் நாளிதழேகூட அதுவரை காத்திப்கள் எனும் எழுத்துக் கலைஞர்கள் கையால் எழுதிக் கல்லச்சு முறையில் வந்த பத்திரிகைகளின் பரம்பரைதான். சென்னை திருவல்லிக்கேணியின் முஸல்மான் பத்திரிகையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆக, உருது கோர்ட் என்றால் கையெழுத்து கோர்ட். ஆங்கிலம் வந்ததும் டைப்ரைட்டர் வந்தது. கோர்ட் வாசலில் ஜாப் டைப்பிஸ்டுகள் வந்தார்கள். கார்பன் தாள் வந்தது. அர்ஜி எழுதுபவரின் கிறுக்கலைப் படிக்க இன்னொரு அர்ஜி எழுதுபவர் வேண்டியிருந்தது. டைப் அடித்த பக்கத்தை ஆங்கிலம் தெரிந்த யாரும் படிக்கலாம். அதே நகல் வக்கீலின் மேசையிலும் இருக்கும். டைப்ரைட்டரை எதிர்த்து யாரும் போராடாததில் வியப்பில்லை. கொடுத்தது இதுதான் என்று காட்ட ஒரு பிரதி கையில் நின்றது.

இனி அந்த ஜன்னலைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். மனு, பிரமாணப் பத்திரம், வக்காலத்து, ஆவணப் பட்டியல், கோர்ட் ஃபீ, எதிர்தரப்புக்கு சம்மன் அனுப்ப பாட்டா. இவையெல்லாம் வரிசைப்படி டேக் கயிற்றில் கோக்கப்பட்டு மேலே டாக்கெட் ஷீட்டோடு போகும். வாங்கியவர் தேதி முத்திரை குத்தி ஓர் எஸ்.ஆர். நம்பர் போடுவார். இது வழக்கு எண் அல்ல. வழக்கு ஏற்கப்பட்டது என்றும் பொருளில்லை. ஆனால் அந்த எண் விழுந்துவிட்டால் காலவரம்புச் சட்டத்தின் கத்தி தலைக்கு மேலிருந்து இறங்கிவிடும். பிறகு பரிசீலனை. ஓரத்தில் விட்ட இடம் போதவில்லை, மொழிபெயர்ப்பு இல்லை, இந்த மனு எந்தச் சட்டப் பிரிவில் நிற்கும் என்று விளக்கவும், என்று மடலின் பின்னால் எழுதி ரிட்டர்ன் செய்வார்கள். குமாஸ்தா அதை வாங்கி, குறையை நிவர்த்தி செய்து, கெடுவுக்குள் மறுபடி தாக்கல் செய்வார். நல்ல குமாஸ்தாவின் திறமை எழுத்தில் இல்லை. ஆட்சேபணைக்குப் பின்னால் அலுவலர் உண்மையில் எதைக் கேட்கிறார் என்று ஜன்னலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் தெரிந்துகொள்வதில் இருந்தது. சென்னையிலும் மதுரையிலும் இதே எஸ்.ஆர். நம்பர், இதே ரிட்டர்ன். மதராஸ் மாகாணத்தின் வழக்கம் ஆந்திர மாநிலத்தின் குண்டூர் உயர் நீதிமன்றம் வழியாக 1956-இல் ஹைதராபாத்துக்கு வந்து, நிஜாம் காலத்து நடைமுறைகளின் மேல் படிந்தது. குண்டூரிலிருந்து வந்த வக்கீல்களும் உள்ளூர் வக்கீல்களும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். ஜன்னல் மட்டும் இருவருக்கும் பொது.

கணினி இந்த ஊர்க் காகிதத்தைத் தொட்டது முதலில் கோர்ட்டில் அல்ல, பத்திரப் பதிவில். 1998 நவம்பரில் ஆந்திரப் பிரதேச அரசு கார்டு என்ற பெயரில் சார்பதிவாளர் அலுவலகங்களைக் கணினிமயமாக்கியது. நாள்கணக்கில் இழுத்த வேலை ஒரு மணி நேரத்தில் முடியும் என்றும், பத்திரம் எழுதுபவர்களுக்கு இனி வேலை இருக்காது என்றும் பேசினார்கள். முதலாவது ஓரளவு நடந்தது. இரண்டாவது நடக்கவில்லை; பத்திர எழுத்தர்கள் இன்றும் அலுவலக வாசலில் இருக்கிறார்கள். இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொத்தின் வரலாற்றில் ஒரே ஒருமுறை பத்திரம் பதியும் மனிதருக்கு, பிழை வந்தால் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை அரசு செய்யாதபோது பத்திர எழுத்தர் செய்தார்.

கோர்ட்டுக்கு வருவோம். உச்ச நீதிமன்றம் 2006 அக்டோபர் 2 முதல் இணையவழித் தாக்கலை ஏற்கத் தொடங்கியது. மாவட்ட நீதிமன்றங்களுக்குக் கணினி கொண்டுவந்த இ-கோர்ட்ஸ் திட்டத்தின் முதல் கட்டம் 2007-இல் ஆரம்பம். ஹைதராபாத்தில் 2016 ஜூலை 17 அன்று நீதிபதி மதன் பி. லோகுர் ஒரு தாளில்லா மின் நீதிமன்றத்தைத் தொடங்கிவைத்தார். நாட்டிலேயே முதல் என்று பத்திரிகைகள் எழுதின. தில்லியில் 2009-இலேயே ஒரு மின் நீதிமன்றம் இயங்கத் தொடங்கியிருந்ததால் அந்த ‘முதல்’ கொஞ்சம் தாராளமானது. எப்படியிருந்தாலும் இவை வேடிக்கை பார்க்கப்பட்டனவே தவிரப் புழங்கப்படவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா கதவைச் சாத்தியதும்தான் வேறு வழியில்லாமல் எல்லோரும் கணினி முன் உட்கார்ந்தார்கள். 2022 ஜனவரி 1 முதல் அரசுத் தரப்பு வழக்குகளுக்காவது இ-ஃபைலிங்கைக் கட்டாயமாக்குங்கள் என்று உச்ச நீதிமன்றத்தின் இ-கமிட்டி எல்லா உயர் நீதிமன்றங்களையும் கேட்டுக்கொண்டது. அரசுதான் நாட்டின் மிகப் பெரிய வழக்காடி என்பதால் அங்கிருந்து தொடங்கியது சரியான யோசனை.

போர்ட்டலில் நடப்பது என்ன? பார் கவுன்சில் பதிவெண்ணும் கைபேசிக்கு வரும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போக வேண்டும். தரப்பினர் விவரங்களை நிரப்ப வேண்டும். மனுவையும் இணைப்புகளையும் சொல் தேடக்கூடிய பிடிஎஃப் ஆக ஏற்ற வேண்டும். டிஜிட்டல் கையொப்பமோ ஆதார் வழிக் கையொப்பமோ இட வேண்டும். கோர்ட் ஃபீயை இணையத்தில் கட்ட வேண்டும். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் ஒரு தற்காலிக எண் வரும். பரிசீலனை, ஆட்சேபணை, நிவர்த்தி எல்லாம் அதன் பிறகு. ஏற்கப்பட்டால் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண். பழைய ஜன்னலின் படிகள் அப்படியே இருப்பதைக் கவனிக்கலாம். எஸ்.ஆர். நம்பருக்குத் தற்காலிக எண், மடலின் பின்பக்கத்துக்குத் திரை. இல்லாதது ஒன்றுதான்: இரண்டு நிமிடம் நின்று, ஐயா, எந்தப் பக்கத்தைச் சொல்கிறீர்கள் என்று கேட்க ஆள். குறை உண்டு என்று திரை சொல்கிறது. எந்தக் குறை என்பது மூன்றாவது முறை ரிட்டர்ன் ஆன பிறகுதான் விளங்குகிறது. மூத்த வக்கீல்களின் புலம்பலைக் கணினி பயம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அதே மனிதர்கள் கைபேசியில் பணம் அனுப்புகிறார்கள், தீர்ப்புகளைத் தேடி எடுக்கிறார்கள், காணொளியில் வாதாடுகிறார்கள். பணம் போனதும் போகாததும் அந்த நொடியே தெரிந்துவிடுவதால் அங்கே அவர்களுக்குப் பயமில்லை. கெடு முடியும் இரவில் சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும்போது, மனு போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் விழித்திருப்பதற்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை.

ஏழை வழக்காடியும் சின்ன ஊர் வக்கீலும் என்ன செய்வார்கள் என்பது கனமான ஆட்சேபணை. அதற்குப் பதிலாக நீதிமன்ற வளாகங்களில் இ-சேவை மையங்கள் வைத்திருக்கிறார்கள். இடைத்தரகரை ஒழிக்கிறோம் என்று சொல்லிவிட்டு இன்னொரு இடைத்தரகரைக் கொண்டுவருவதா என்று கேட்பவர்கள், அர்ஜி எழுதுபவர் முதல் ஜாப் டைப்பிஸ்ட் வரை ஒவ்வொரு மாற்றத்திலும் அப்படி ஒருவர் முளைத்ததை மறக்கிறார்கள். சிங்கப்பூர் இதை ஒளிவுமறைவின்றிச் செய்தது. 1997-இல் சோதனையாகத் தொடங்கி 2000-இல் சிவில் வழக்குகளுக்கு மின்தாக்கலைக் கட்டாயமாக்கியபோதே, முடியாதவர்கள் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் ஏற்றித் தரும் சேவை அலுவலகங்களையும் திறந்தது. 2013-இல் அந்த அமைப்பையே புதிதாக மாற்றிக்கொண்டார்கள்; சேவை அலுவலகங்களை மட்டும் கைவிடவில்லை. இடையில் ஆள் இருப்பது குற்றமல்ல. அந்த ஆள் கொடுத்த ரசீதுக்கு கோர்ட் பொறுப்பேற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காகிதம்தான் பத்திரம், கணினி காற்றில் போகும் என்ற வாதத்துக்கு ஹைதராபாத்தில் நின்றுகொண்டு பதில் சொல்வது சுலபம். 1908 செப்டம்பர் 28 அன்று மூசி பெருக்கெடுத்ததில் சுமார் 15,000 பேர் இறந்ததாகக் கணக்கு. அந்த ஆற்றங்கரையில்தான் பிறகு உயர் நீதிமன்றத்தையும் கட்டினார்கள். 2009 ஆகஸ்ட் 31 அன்று அதே கட்டடத்தில் பற்றிய தீ நூலகத்தை நாசமாக்கியது. முத்திரைத்தாள் என்ற காகிதத்தின் மேல் நாடு வைத்திருந்த நம்பிக்கையை தெல்கியின் போலி முத்திரைத்தாள் வழக்கு என்ன பாடுபடுத்தியது என்பதும் நினைவிருக்கும். காகிதத்தின் பெருமை நீடிப்பில் இல்லை. அது காணாமல் போனால், காணாமல் போனது என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். நகல் வைத்திருப்பவர் அதைக் கொடுத்துக் கோப்பை மறுபடி உருவாக்கலாம். அதற்கென்று நடைமுறை உண்டு. கணினியில் பிழை வந்தால், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று திரை சாதிக்கும்.

தெலங்கானாவே இதற்குக் கண்கூடான சாட்சி. 2020 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்ட தரணி போர்ட்டல் விவசாய நிலப் பதிவை மிக எளிதாக்கியது. தாசில்தார் அலுவலகத்தில் கொஞ்ச நேரத்தில் பதிவும் பெயர் மாற்றமும் முடிந்தன. இதைவிட வசதி எதைக் கேட்பது? ஆனால் பழைய பதிவுகளை ஏற்றியபோது நுழைந்த பிழைகளும், தடை செய்யப்பட்ட நிலங்களின் பட்டியலில் தவறாக விழுந்த சர்வே எண்களும் ஏராளம். தரணியைக் கொண்டுவந்த சட்டமே வருவாய் நீதிமன்றங்களையும் ஒழித்திருந்தது. முன்பு தாசில்தார் மட்டத்தில் தீர்ந்திருக்கக்கூடிய பிழைக்கு மாவட்ட ஆட்சியரையோ சிவில் கோர்ட்டையோ தேடி அலைந்தார்கள் விவசாயிகள். அது தேர்தல் பிரச்சினையாகி, 2023-இல் ஆட்சி மாறி, 2025 ஏப்ரல் 14 அன்று பூ பாரதி என்ற புதிய ஏற்பாடு தரணியின் இடத்துக்கு வந்தது. புதிய சட்டத்தில் முக்கியமாகச் சேர்க்கப்பட்டது வேகம் அல்ல, மேல்முறையீடு. எளிமை மட்டும் ஒரு முறையைக் காப்பாற்றியிருந்தால் தரணி இன்றும் இருந்திருக்கும்.

இ-ஃபைலிங் மேல் வழக்கறிஞர்களுக்குள்ள மிகக் கூர்மையான புகார் இரட்டை வேலை. ஏற்றியதை அச்செடுத்துக் கட்டாகவும் கொடு என்று பல நீதிமன்றங்கள் கேட்கின்றன. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் கட்டாயம் என்ற அறிவிப்பு வந்தபோது வக்கீல்கள் நீதிமன்றப் புறக்கணிப்பில் இறங்கியதற்கும் இந்தச் சுமை ஒரு காரணம். ஸ்கேன் கூலி ஒருபக்கம், ஜெராக்ஸ் கூலி மறுபக்கம். இரண்டும் கட்சிக்காரர் தலையில். இதில் நான் வக்கீல்கள் பக்கம், ஆனால் முழுமையாக அல்ல. இரண்டும் கேட்கிற கோர்ட் தன் திரையைத் தானே நம்பவில்லை என்று அறிவிக்கிறது. அலுவலகமே நம்பாததை வக்கீல் ஏன் நம்ப வேண்டும்? அதே நேரம், செகந்தராபாத் வியாபாரி போல இரட்டை முறையில் கொஞ்ச காலம் வாழ்வது அழிவல்ல. ஹாலியும் இந்திய ரூபாயும் சேர்ந்து புழங்கிய காலத்துக்கு ஒரு மாற்று விகிதமும், கடைசியில் ஒரு முடிவும் இருந்தன. காகிதமும் கோப்பும் சேர்ந்து ஓடும் காலத்துக்கு எது மூலம், எது நகல், இரண்டுக்கும் முரண்பாடு வந்தால் எது நிற்கும், இது எப்போது முடியும் என்று விதியாக எழுதிவைத்தால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

இது வெறும் நடைமுறைச் சிக்கல் என்று நினைப்பவர்கள் நிஜாம் காலத்துப் பிரபுக்களான பைகா குடும்பத்தின் சொத்துப் பாகப்பிரிவினை வழக்கைப் பார்க்க வேண்டும். ஹைதராபாத் உயர் நீதிமன்றத்தில் 1958-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் சிவில் வழக்கு. முதல்நிலைத் தீர்ப்பாணை 1963-இல். அதிலிருந்து கிளைத்த தகராறுகளுக்கு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதியது 2023-இல். டைப்ரைட்டர் காலத்தில் தொடங்கி, ஜெராக்ஸ் காலத்தைத் தாண்டி, இணையத்தில் தீர்ப்பு வாசிக்கும் காலம்வரை ஒரே வழக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஹைதராபாத்தின் நில வழக்குகளில் இப்படிப்பட்டவை நிறைய. ஒரு ரிட் மனுவின் இணைப்பில் பசலித் தேதியிட்ட முன்தகப் என்ற உருது ஆவணம், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, 1954-55-இன் காஸ்ரா பஹாணி என்ற நிலப் பதிவேடு, தரணியின் அச்சுப்பிரதி எல்லாம் அடுத்தடுத்த பக்கங்களில் வரும். சொல் தேடும் மென்பொருள் டைப் அடித்த பக்கத்தைப் படிக்கும். முன்ஷி அவசரத்தில் இழுத்த உருது எழுத்தைப் படிக்காது. அந்தப் பக்கம் திரையில் வெறும் படம்தான். மொழிபெயர்ப்பில் ஒரு சர்வே எண் தவறினால், தேடுபவருக்குத் தவறான எண்தான் அகப்படும்.

2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை இ-கோர்ட்ஸ் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் 2,038 கோடிக்கு மேல் பழைய கோப்புகளை ஸ்கேன் செய்வதற்கும் பாதுகாப்பதற்கும். வேலை ஒப்பந்தத்தில் பக்கக் கணக்குக்குத்தான் கூலி என்றால், மங்கிய உருதுப் பக்கத்தை நிதானமாக எடுப்பதற்கும் தெளிவான டைப் பக்கத்தைத் தள்ளிவிடுவதற்கும் ஒரே காசு. ஸ்கேன் ஆன பிறகு மூலத்தைக் கழிப்பதற்கு முன், வழக்கின் தரப்பினருக்கு அறிவித்து, பிரதியைப் பார்க்கவிட்டு, ஆட்சேபணை சொல்ல அவகாசம் தருவதுதான் நியாயம். 2024 மார்ச்சில் ராஜேந்திர நகரில் 100 ஏக்கரில் தெலங்கானா உயர் நீதிமன்றத்தின் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். காகிதம் வாங்கும் ஜன்னலை அந்த வரைபடத்திலிருந்து நீக்க வேண்டிய நாள் வரலாம். ரிட்டர்ன் ஆன மனுவைப் பற்றி விளக்கம் சொல்வதற்கும், ஸ்கேனில் விடுபட்ட பக்கத்தைச் சேர்ப்பதற்கும் பெயரும் பதவியும் தெரிந்த ஓர் அலுவலர் உட்காரும் மேசைக்கு அதில் இடம் ஒதுக்க வேண்டும்; திரையில் தீராத ஆட்சேபணைக்கு அந்த மேசையில் போடும் தேதியே காலவரம்புக் கணக்குக்குச் செல்லும் என்று மின்தாக்கல் விதிகளில் ஒரு வரியும் சேர்க்க வேண்டும்.